ஏழை படும் பாடு: அள்ளிக் கொடுத்த சித்தூர் நாகையா

தஞ்சோங் ரம்புத்தான், டிச. 30 – பழைய தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த முகம் தெரியும். பெயர்தான் சட்டென்று வாயில் வராது. நரைத்த தலை, கனிந்த பார்வை, பேசும்போதே தழுதழுக்கும் குரல். பாவ மன்னிப்பு (1961) படத்தில் சிவாஜி ஏற்ற ரஹீமை எடுத்து வளர்க்கும் முஸ்லிம் பெரியவர் அவர். சம்பூர்ண ராமாயணத்தில் (1958) இராமனைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு உயிரை விடும் தசரதன். தெய்வ மகனில் (1969) முகம் விகாரமான பிள்ளையைத் தன் நிழலில் வைத்து வளர்க்கும் பாபா. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்திலும், பிறகு ஆர்டிஎம் தொலைக்காட்சியில் தமிழ்ப் படத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த காலத்திலும், நம் வீட்டுப் பெரியவர்கள் அவரை அந்த நல்ல கிழவர் என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

அவர் பெயர் சித்தூர் வி. நாகையா. 1973ஆம் ஆண்டு இதே டிசம்பர் 30ஆம் நாள் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 69.

அந்த நல்ல கிழவர் ஒரு காலத்தில் தென்னிந்தியத் திரையுலகின் முதல் வரிசைக் கதாநாயகனாக இருந்தவர், சொந்தக் குரலில் பாடியவர், இசையமைத்தவர், படம் இயக்கியவர், தயாரித்தவர் என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பத் தயங்குவார்கள். தென்னகத்தில் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய முதல் நடிகர் அவர்தான் என்று திரையுலகில் சொல்வார்கள். அந்த லட்சங்களில் ஒன்றுகூட கடைசியில் அவர் கையில் தங்கவில்லை. அது எப்படிப் போனது என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை. அதைச் சொல்வதற்கு முன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1950ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த ஏழை படும் பாடு. கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோஸ் உரிமையாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு தயாரித்த படம். இயக்கியவர் கே. ராம்நாத், வசனம் இளங்கோவன். கதை நம் நாட்டுக் கதையே அல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862ஆம் ஆண்டு வெளியிட்ட லெ மிசரபிள் என்ற பெரிய நாவல் அது. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் நீண்ட காலம் மௌன விரதம் இருந்து, எழுத்தையே பேச்சாக்கிக் கொண்டவர். பிரெஞ்சுத் தலைப்புக்குச் சொல்லுக்குச் சொல் தமிழ் தேடியிருந்தால் துன்பப்பட்டோர் என்றோ பரிதாபத்துக்குரியவர்கள் என்றோ வைத்திருக்க வேண்டும். அவர் வைத்த பெயர் ஏழை படும் பாடு. மூன்றே சொல், அதுவும் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசும் பாட்டியின் வாயில் வரக்கூடிய சொல். தமிழில் வந்த மொழிபெயர்ப்புத் தலைப்புகளில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கடினம்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். அக்காள் பிள்ளைகளின் பசி பொறுக்காமல் ஒருவன் ரொட்டி திருடுகிறான். ஐந்து ஆண்டு சிறை. தப்பி ஓடப் பார்த்துப் பிடிபட்டு, மறுபடி ஓடிப் பிடிபட்டு, ஐந்து ஆண்டு பத்தொன்பது ஆண்டாகிறது. வெளியே வந்தவன் கையில் மஞ்சள் நிற அடையாளச் சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அதைப் பார்த்தவுடன் ஊரில் ஒருவரும் அவனுக்குச் சோறு போடுவதில்லை, படுக்க இடம் கொடுப்பதில்லை. ஒரே ஒரு பாதிரியார் வீட்டுக்குள் அழைத்து, வெள்ளித் தட்டில் சோறு போட்டு, மெத்தையில் படுக்க வைக்கிறார். அவனோ அந்த வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும்போது பாதிரியார், அவை தாம் கொடுத்தவைதான் என்று சொல்லிவிட்டு, இவற்றையும் ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்டு இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடத்தில் அந்த மனிதன் உடைந்துபோகிறான். பிறகு அவன் பெயரை மாற்றிக்கொண்டு, உழைத்துச் செல்வந்தனாகி, ஊருக்கு அள்ளிக் கொடுத்து, ஓர் அநாதைப் பெண் குழந்தையைத் தன் மகளாக வளர்ப்பதும், சட்டத்தைத் தவிர வேறெதுவும் அறியாத ஒரு போலீஸ் அதிகாரி அவனை வாழ்நாள் முழுதும் துரத்துவதும்தான் மீதிக் கதை.

ஹாலிவுட் இந்த நாவலை 1935ஆம் ஆண்டில் படமாக்கியது. ரிச்சர்ட் போலஸ்லாவ்ஸ்கி இயக்கத்தில் ஃபிரெட்ரிக் மார்ச் கைதியாகவும் சார்லஸ் லாட்டன் அந்தப் போலீஸ் அதிகாரியாகவும் நடித்தார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. 1952இல் ஹாலிவுட் அதே கதையை மீண்டும் எடுத்தது. ஆக, அமெரிக்காவின் இரண்டு படங்களுக்கு நடுவே கோயம்புத்தூரில் ஒரு தமிழ்ப் படம்.

தமிழில் அந்தக் கைதியின் பெயர் கந்தன். அந்த வேடத்தை ஏற்றவர் நாகையா. ஹியூகோவின் நாவலில் சிறையிலிருந்து வெளிவந்து பாதிரியாரின் கதவைத் தட்டும்போது அந்தக் கைதிக்கு 46 வயது. 1904ஆம் ஆண்டு மார்ச் 28இல் பிறந்த நாகையாவுக்கும் 1950இல் அதே 46. வயதுப் பொருத்தம் தற்செயல்தான். ஆனால் ராம்நாத் அவரைத் தேர்ந்தது தற்செயல் அல்ல. வாஹினி நிறுவனத்தின் தொடக்கக் காலப் படங்களில் ராம்நாத் ஒளிப்பதிவாளர், நாகையா நடிகர். பத்து ஆண்டுகளுக்கு மேல் காமிரா வழியாகப் பார்த்துப் பழகிய முகம் அது. அந்த முகத்தில் முரட்டுத்தனத்தையும் சாந்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வரவழைக்க முடியும் என்று ராம்நாத்துக்குத் தெரிந்திருந்தது.

படத்தில் திருவாங்கூர் சகோதரிகள் லலிதாவும் பத்மினியும் நடித்தார்கள். ஆனால் படம் பார்த்தவர்கள் நாகையாவுக்கு அடுத்துப் பேசியது, துரத்தும் போலீஸ் அதிகாரியாக வந்த சீதாராமனைப் பற்றி. ஜாவர் என்ற அந்தப் பாத்திரத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஜாவர் சீதாராமன் ஆனார். பின்னாளில் அந்த நாள் (1954) படத்துக்கு எழுதியதும், உடல் பொருள் ஆனந்தி போன்ற தொடர்கதைகளை எழுதியதும் அவர்தான். ஒரு பிரெஞ்சு நாவலின் கொடிய அதிகாரியின் பெயரைச் செல்லப் பெயராகச் சுமந்துகொண்டு ஒரு தமிழ் எழுத்தாளர் வாழ்ந்தார் என்பது வேடிக்கைதான். அதே ஆண்டு தெலுங்கில் பீதல பாட்லு என்ற பெயரிலும் இந்தப் படம் வந்தது. அதிலும் நாயகன் நாகையாவே.

1950 என்ற ஆண்டை இங்கே, கிந்தா வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதை இன்னொரு விதமாகப் படும். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டிருந்தது. தஞ்சோங் ரம்புத்தானுக்கு சுங்கை சிப்புட் ஒன்றும் தூரத்து ஊர் அல்ல. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. புறம்போக்கில் குடியிருந்தவர்கள் புதுக் கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத்து லயங்களைச் சுற்றியும் முள்கம்பி வேலி எழுந்தது. அடுத்த ஆண்டில் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாது என்பதற்காக வாயிலில் சோதனை. விடியற்காலையில் பெரட்டு முடிந்து பால் வெட்டப் போகிறவர்கள் மதியச் சோற்றைக் கட்டி எடுத்துப் போகவும் தடை இருந்தது. ஒரு பிடி அரிசி வைத்திருப்பது குற்றமாக முடியும் காலம். ஒரு ரொட்டிக்காகப் பத்தொன்பது ஆண்டு சிறை என்ற கதை அந்தக் காலத்துத் தோட்ட மக்களுக்கு வெளிநாட்டுக் கதையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

மஞ்சள் சீட்டைப் பற்றியும் இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1911ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இங்கே இருப்பதால், நாடு முழுக்கத் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டுப் பதில் வந்ததும் எதிரே இருப்பவர் சிரிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே உண்டு. சிகிச்சை பெற்றுக் குணமாகி வீடு திரும்பியவர்களோ அதைவிடக் கனமான சீட்டைச் சுமந்தார்கள். மருத்துவமனையின் பெயர் பிற்காலத்தில் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று மாறிய பிறகும் கேலி அவ்வளவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை.

நாகையாவின் கதைக்குத் திரும்புவோம். அவர் பிறந்தது குண்டூர் மாவட்டம் ரேபள்ளி. தெலுங்கு தாய்மொழி. ஆனால் வளர்ந்ததும் பெயர் எடுத்ததும் சித்தூரில். அந்த நாளில் சித்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர். அங்கே இராம விலாச சபா என்ற நாடகக் குழுவில் நடித்துத்தான் அவர் சித்தூர் நாகையா ஆனார். கர்நாடக இசை முறையாகக் கற்றவர். குரல் நன்றாக இருந்ததால் இசைத்தட்டுகளில் பாடும் வாய்ப்பும் கிடைத்தது. இடையில் எழுத்தர் வேலை பார்த்தார். ஆந்திர பத்திரிகா நாளிதழில் செய்தியாளராகவும் இருந்தார்.

இளம் வயதிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். துக்கம் தாளாமல் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் போய் இருந்தார். அங்கேயே இருந்துவிடும் எண்ணம்தான். நண்பர்கள் வற்புறுத்தித் திரும்ப அழைத்து வந்தார்கள். பிற்காலத்தில் அவர் ஏற்ற துறவி வேடங்களில் வேடம் என்பதே தெரியாமல் போனதற்கு இந்த நாள்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1938இல் எச்.எம். ரெட்டியின் கிருகலட்சுமி என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமானார். அப்போது அவருக்கு வயது 34. கதாநாயகனாகத் தொடங்கும் வயது அல்ல. இருந்தும் அடுத்த ஆண்டே பி.என். ரெட்டி வாஹினி நிறுவனத்தைத் தொடங்கி எடுத்த வந்தே மாதரம் அவரை நாயகனாக்கியது. சுமங்கலி, தேவதா என்று வரிசையாகப் படங்கள்.

தமிழில் அவரைக் கொண்டுவந்து நிறுத்திய பெரிய படம் அசோக்குமார் (1941). நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர். அவர் பாடினால் தமிழ்நாடே மயங்கும் காலம் அது. அந்தப் பாகவதருக்குத் தந்தையாக, அசோகச் சக்கரவர்த்தியாக நாகையா நடித்தார். மகன் மீது வீண் பழி விழுந்ததை அறியாமல் அவனுக்குத் தண்டனை கொடுக்கும் தகப்பன். வசனம் எழுதியவர் அதே இளங்கோவன். எம்.ஜி.ஆர். என்ற இளைஞர் சிறு வேடம் ஒன்றில் அதே படத்தில் நின்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 1945இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய மீராவில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாக ராணாவாக நடித்தார். படம் எம்.எஸ். அம்மாவின் படம், அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பக்தியில் கரைந்துபோகும் மனைவியைப் புரிந்துகொள்ளவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் தவிக்கும் கணவன் இல்லையென்றால் அந்தக் கதை பாதியில் நின்றிருக்கும்.

அவர் புகழின் உச்சிக்குப் போனது மூன்று தெலுங்குப் படங்களில். பக்த போதனா (1943), தியாகையா (1946), யோகி வேமனா (1947). போதனாவும் வேமனாவும் கே.வி. ரெட்டி இயக்கியவை. தியாகையாவை நாகையாவே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடித்தார். இந்த மூன்று மனிதர்களையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போதனா தம் பாகவதத்தை அரசனுக்குக் காணிக்கையாக்க மறுத்து ஏர் பிடித்துப் பிழைத்த கவிஞர். தியாகராஜ சுவாமிகள் தஞ்சை அரசவையிலிருந்து வந்த பொன்னையும் பொருளையும் திருப்பி அனுப்பிவிட்டு உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தவர். வேமனா சுகபோகத்தில் புரண்டு, எல்லாம் கசந்து, உடுத்த துணியையும் உதறிவிட்டுப் போனவர். வந்த செல்வத்தை வேண்டாம் என்று தள்ளிய மூன்று பேரின் வாழ்க்கையை நடித்து நாகையா செல்வந்தரானார். படம் பார்த்த மக்கள் அவரை நடிகராகப் பார்க்காமல் மகானாகவே பார்க்கத் தொடங்கினார்கள். கண்டவுடன் கால் தொட்டு வணங்கியவர்கள் உண்டு.

பம்பாயில் ஃபிலிம் இந்தியா என்ற ஆங்கில இதழை நடத்திய பாபுராவ் படேல் யாரையும் எளிதில் புகழாதவர். தென்னாட்டுப் படங்களை அவர் கிழித்து எழுதினால் தயாரிப்பாளர்களுக்குத் தூக்கம் போய்விடும். அவர் நாகையாவுக்குக் கொடுத்த பட்டம், இந்தியாவின் பால் முனி. பால் முனி ஹாலிவுட்டில் லூயி பாஸ்டர் வேடத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். பேர்ல் பக்கின் நாவலைத் தழுவி 1937இல் வந்த தி குட் எர்த் படத்தில் சீன விவசாயி வாங் லுங்காக மாறியவர். ஒவ்வொரு படத்திலும் தன் முகத்தை மறைத்துப் பாத்திரத்தின் முகத்தைக் கொண்டுவருபவர் என்று பெயர் பெற்றவர். நாகையாவுக்கு அந்த ஒப்பீடு பொருந்தும், ஒரு வேறுபாட்டோடு. நாகையா பாடகரும்கூட.

இனி பணத்தின் கதை. நாகையா வீட்டில் அடுப்பு அணைந்ததே இல்லை என்பார்கள் அவருடன் பழகியவர்கள். சென்னைக்கு வாய்ப்புத் தேடி வந்த நடிகர்கள், பாட்டுக் கற்க வந்த பிள்ளைகள், படிப்புச் செலவுக்குக் கை நீட்டியவர்கள், மகள் கல்யாணத்துக்குப் பணம் குறைந்தவர்கள், யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, கையில் இருந்தது உண்டு. கொடுத்ததைக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கேட்டவர் சொன்னது உண்மைதானா என்றும் விசாரிக்கவில்லை. உடன் நடித்தவர்கள் பலரும் பின்னாளில் அவரைப் பற்றி நினைவுகூர்ந்தபோது நடிப்பைச் சொல்லும் முன் இதைத்தான் சொன்னார்கள். ஏமாந்தார் என்று சிலர் வருத்தப்பட்டார்கள், மகான் என்று சிலர் உருகினார்கள். கந்தனாக நடித்தவர், கந்தனுக்கு விளக்குத் தண்டுகளைக் கொடுத்த பாதிரியாராகவே வீட்டில் வாழ்ந்தார்.

ஆனால் கொடுத்தே கெட்டார் என்று சொல்லி அத்துடன் கதையை முடிப்பது நியாயமாகாது. அது கேட்க உருக்கமாக இருக்கும், உண்மையில் பாதிதான். ஒரு நடிகர் ஊருக்கெல்லாம் சோறு போட்டுக் கரைக்கும் பணம் ஒரு பக்கம். சொந்தப் படம் விழுந்தால் ஒரே நாளில் போகும் பணம் இன்னொரு பக்கம். நாகையா சொந்தப் படம் எடுத்தார். தியாகையாவின் வெற்றி அந்தத் துணிச்சலைக் கொடுத்தது. 1953இல் தமிழில் என் வீடு, தெலுங்கில் நா இல்லு என்று ஒரே கதையை இரண்டு மொழிகளில் இயக்கினார். டி.ஆர். ராஜகுமாரி உடன் நடித்தார். நல்ல குடும்பக் கதை, நல்ல பாட்டுகள். இருந்தாலும் தியாகையாவின் வெற்றி மறுபடி வரவில்லை.

அதற்குள் காலமும் மாறிவிட்டது. 1952இல் பராசக்தி வந்து தமிழ்ப் படத்தின் பேச்சையே மாற்றியிருந்தது. தெலுங்கில் என்.டி. ராமராவும் நாகேஸ்வர ராவும் எழுந்துகொண்டிருந்தார்கள். தானே பாடி நடிக்கும் நாயகர்களின் காலம் முடிந்து, நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற முறை நிலைத்தது. பாகவதரே அந்த அலையில் கரை ஒதுங்கியபோது நாகையா மட்டும் எப்படித் தப்ப முடியும்? அவர் தந்தை வேடங்களுக்கு நகர்ந்தார். நகர்ந்தார் என்பதைவிட, நகர்த்தப்பட்டார் என்பது சரி.

இருந்தும் அவருக்கு ஓர் ஆசை பாக்கி இருந்தது. பக்த ராமதாசு. பத்ராசலத்தில் இராமர் கோயில் கட்டிய கஞ்சர்ல கோபன்னாவின் கதை. கோல்கொண்டா சுல்தான் தானீஷாவின் ஆட்சியில் தாசில்தாராக இருந்தவர் கோபன்னா. வசூலித்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கோல்கொண்டாக் கோட்டையில் பன்னிரண்டு ஆண்டு சிறையில் கிடந்தவர். அங்கிருந்து அவர் பாடிய கீர்த்தனங்கள் இன்றும் பஜனை மடங்களில் ஒலிக்கின்றன. தனக்கென்று எடுக்காமல், நல்லதென்று நம்பியதற்காகக் கை வைத்து, சிறையில் வாடிய இன்னொரு கைதி. கந்தனை நடித்து முடித்தவருக்கு இந்தக் கைதி மீது அவ்வளவு பிடிப்பு இருந்ததில் வியப்பில்லை.

தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடிக்கத் தொடங்கினார். பணம் இருக்கும்போது படப்பிடிப்பு நடந்தது, இல்லாதபோது நின்றது. மற்றப் படங்களில் தந்தையாகவும் தாத்தாவாகவும் நடித்துச் சம்பாதித்ததை இதில் போட்டார். ஒரு வழியாக 1964இல் படம் வெளிவந்தபோது அவருக்கு 60 வயது. பாட்டுகளை ரசித்தார்கள், படத்தை மதித்தார்கள், போட்ட பணம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பெரிய படம் எதுவும் தயாரிக்கும் நிலையில் இல்லை.

இன்றைய கண்ணோடு பார்ப்பவர் இதை முட்டாள்தனம் என்று சொல்லலாம். 60 வயதில், கையிருப்பு இல்லாமல், மக்கள் ரசனை மாறிய பிறகு, பழைய பாணியில் ஒரு பக்திப் படம். வியாபாரம் தெரிந்தவர் செய்யமாட்டார்தான். ஆனால் தோட்டத்தில் வாழ்நாள் சேமிப்பை எல்லாம் மாரியம்மன் கோயில் திருப்பணியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியாத காரியம் அல்ல. நாகையா அந்தப் படத்தை வியாபாரமாக எடுக்கவில்லை. கோபன்னா கோயில் கட்டியதுபோல் எடுத்தார்.

1965இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. தென்னிந்தியத் திரை நடிகர்களில் அந்த விருதை முதலில் பெற்றவர் அவர்தான். அடுத்த ஆண்டுதான் சிவாஜி கணேசனுக்குக் கிடைத்தது. விருது மாலை கழுத்தில் விழுந்த அந்த நாள்களிலும் அவர் சின்னச் சின்ன வேடங்களுக்காக ஸ்டூடியோ போய்க்கொண்டிருந்தார். கிடைத்த சம்பளம், அவர் உச்சத்தில் வாங்கியதோடு ஒப்பிட்டால் கைச்செலவுக்குத்தான் ஆகும். தாம் உருவாக்கிவிட்ட நிறுவனங்களும், தம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களும் முன்னேறியிருந்த காலம் அது. அவருக்குச் செய்ய வேண்டியதைத் திரையுலகம் செய்யவில்லை என்ற குறை அவரை நேசித்தவர்களுக்கு இன்றும் உண்டு. நியாயமான குறைதான். ஆனால் அவர் தம் வாயால் யாரைப் பற்றியும் குறை சொன்னதாக அவருடன் இருந்தவர்கள் எவரும் சொன்னதில்லை.

அந்தச் சின்ன வேடங்களைத்தான் நம் மக்கள் அதிகம் பார்த்தார்கள். தெய்வ மகனில் சிவாஜிக்கு மூன்று வேடம், படம் முழுக்க அவர் ராஜ்ஜியம். பாபாவாக நாகையா வருவது கொஞ்ச நேரம்தான். பெற்ற தகப்பன் முகம் கண்டு வெறுத்து ஒதுக்கிய பிள்ளையை, அந்த முகத்தைக் கண்டு துளியும் சலிக்காமல் வளர்த்த மனிதராக அவர் உட்கார்ந்திருக்கும்போது, பாபா என்ன சொன்னாலும் நாம் நம்பிவிடுகிறோம். இவ்வளவு நல்லவர் உலகத்தில் இருப்பாரா என்ற கேள்வியே எழுவதில்லை. வேறு நடிகர் செய்திருந்தால் எழுந்திருக்கும்.

1972இல் ஞான ஒளி வந்தது. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதிய நாடகத்திலிருந்து உருவான படம். குற்றவாளியாகச் சிறை போனவன் பாதிரியாரின் அருளால் மனம் மாறி, பெயர் மாற்றிக்கொண்டு பெரிய மனிதனாகத் திரும்பி வர, போலீஸ் அதிகாரி விடாமல் துரத்துகிறார். சிவாஜி ஆண்டனியாகவும் மேஜர் சுந்தரராஜன் அதிகாரியாகவும் நடித்து நூறு நாள் ஓடிய படம். நம் நாட்டிலும் அதைப் பார்க்காத சிவாஜி ரசிகர் இருக்க மாட்டார். அந்த ஆண்டனி யாருடைய வாரிசு என்று அப்போது பெரும்பாலோர் நினைத்துப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கைதியின் துயரத்தைத் தமிழுக்கு முதலில் முகமாகக் காட்டியவர் அந்த நேரத்தில் சென்னையில்தான் இருந்தார், வயோதிகத்தில், வேடம் கிடைத்தால் நடித்துக்கொண்டு.

ஞான ஒளி வந்த மறு ஆண்டின் கடைசியில், டிசம்பர் 30ஆம் நாள், நாகையா கண்மூடினார். சொத்து என்று எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை.